எட்டு இரவுக்கு இரண்டு நகரம் போதும்



கடந்த டிசம்பர் லீவில் மூன்று ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து மலேசியா போய் வந்தோம். படங்களைப் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்வி. "எந்த ஏஜென்சி? எத்தனை நாடு காட்டினாங்க?" ஏஜென்சி இல்லை, ஒரு நாடுதான், அதிலும் இரண்டே நகரத்தில்தான் தங்கினோம் என்று பதில் எழுதினால், அடுத்து வருவது ஓர் அனுதாபப் பொம்மை. ஏதோ காசு போதாமல் பாதியில் திரும்பிவிட்டோம் என்று நினைக்கிறார்கள் போல. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். நேரமில்லாதவர்கள் லைக் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

இப்போது முகநூலைத் திறந்தாலே "7 நாள், 3 நாடு" என்ற விளம்பரம்தான். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. நம்மவர்களும் நாட்டின் எண்ணிக்கையைப் பார்த்து மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்றாம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஏழு நாளில் முதல்நாள் வந்திறங்குவதில் போகிறது, கடைசி நாள் கிளம்புவதில் போகிறது. மீதி ஐந்து. கோலாலம்பூரில் இருந்து சிங்கப்பூருக்கு பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம், இடையில் ஜொகூர் எல்லையில் குடிவரவு வரிசை. அது ஒரு நாள். சிங்கப்பூரில் இருந்து பேங்கொக்கிற்கு விமானம் இரண்டரை மணித்தியாலம்தான், ஆனால் ஹொட்டலை விட்டுக் கிளம்பி, எயார்போர்ட்டில் காத்திருந்து, இறங்கி, மறுபடி வரிசையில் நின்று, அடுத்த அறையின் சாவியை வாங்கும்போது இருட்டிவிடும். அதுவும் ஒரு நாள். மீதி மூன்று. மூன்று நாட்டுக்கு மூன்று நாள். அதிலும் கொக்கோ கடை, கைவினைக் கடை என்று கொண்டுபோய் இறக்கும் நேரத்தைக் கழிக்க வேண்டும்.

ஏஜென்சிக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்பதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். கேட்பவர்கள் நாங்கள்.

எங்கள் திட்டமும் முதலில் நான்கு நகரமாகத்தான் இருந்தது. கோலாலம்பூர், மலாக்கா, ஈப்போ, பினாங்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு. வட்ஸ்அப் குரூப்பில் ஆண்கள் மூவரும் வரைபடம் போட்டு அம்புக்குறி கீறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் குழுவில் மூத்த ராத்தா ஒரு குரல் பதிவு அனுப்பினார். "எல்லாம் சரி. இதில எத்தின தரம் பேக் கட்டுற, எத்தின தரம் அவுக்குற?"

எண்ணிப் பார்த்தால் நான்கு தரம் அவிழ்க்க வேண்டும், நான்கு தரம் கட்ட வேண்டும். யார் கட்டுவது என்பதை எழுதத் தேவையில்லை. ஹொட்டல் மாறுகிற ஒவ்வொரு காலையும் பிள்ளைகளின் ஈர உடுப்பைத் தேடுவதும், மருந்துப் பையைச் சரிபார்ப்பதும், கட்டிலுக்கு அடியில் சப்பாத்தைத் தேடுவதும் பெண்களின் வேலை. ஆண்கள் அந்த நேரத்தில் கீழே வரவேற்பு மேசையில் பில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலை பத்து மணி, பிற்பகல் மூன்று மணி என்று ஹொட்டல்கள் வைத்திருக்கும் ஒழுங்கில் அந்த இடைப்பட்ட நேரம் முழுக்கப் பெட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டும். ஒரு நகரம் கூடினால் ஒரு நாள் குறைகிறது. குறைகிற அந்த நாள் வீட்டுப் பெண்களின் கணக்கில்தான் கழிகிறது.

ஆகவே திட்டத்தைக் கவிழ்த்துப் போட்டோம். இரண்டே இடத்தில் தங்குவது, மற்றதெல்லாம் காலையில் போய் இரவில் திரும்புவது. பினாங்கில் மூன்று இரவு, கோலாலம்பூரில் ஐந்து இரவு.

ஏன் தூரத்து நகரம் முதலில் என்று பலர் கேட்டார்கள். கொழும்பிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானம் காலையில் கோலாலம்பூரில் இறக்கிவிடும். பறக்கும் நேரம் மூன்றரை மணித்தியாலம்தான், ஆனால் அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. இராத்தூக்கம் போய்விடும், அறையோ பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் அந்தப் பகலை எங்கே கழிப்பது? நாங்கள் அதை ரயிலில் கழித்தோம். எயார்போர்ட்டில் இருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 28 நிமிடம். அங்கிருந்து ஈடிஎஸ் மின்சார ரயிலில் பட்டர்வேர்த் வரை நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். குளிரூட்டப்பட்ட பெட்டி, எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். பட்டர்வேர்த்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. பதினைந்து நிமிடத்துக்குள் கடலைக் கடந்தால் ஜோர்ஜ்டவுன். அறை திறக்கும் நேரமும் அதுதான். விமானம் பிந்தினால் ரயில் டிக்கட் வீணாகும் என்பதால் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையில் மூன்று மணித்தியாலமாவது விடுங்கள். அந்த நாட்டின் பாடசாலை விடுமுறையிலும் பெருநாட்களிலும் ஆசனங்கள் முன்கூட்டியே முடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கடைசி நாட்களில் விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். தூர நகரத்தைக் கடைசியில் வைத்தால், திரும்பும் நாளில் ஒரு ரயில் பிந்தினாலும் ஒரு குடும்பத்தின் டிக்கட் காசு முழுக்கப் போய்விடும். எங்கள் காசு சீட்டுக் காசு. மாதம் பத்தாயிரம் படி இருபத்து நான்கு மாதம். அதை ஒரு ரயிலின் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

பினாங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மலேசியா என்றால் நம்மவர்களுக்கு இரட்டைக் கோபுரம், கெந்திங். கெந்திங் ஒரு சூதாட்டக் கூடத்தைச் சுற்றிக் கட்டிய மலைநகரம். அந்நாட்டு முஸ்லிம்கள் அந்தக் கூடத்துக்குள் போகச் சட்டப்படி அனுமதியில்லை. தொப்பி போட்ட நம் ஊர்க் குழுக்களை அங்கே கொண்டுபோய் இறக்குவதை நினைத்தால் சிரிப்பதா என்று தெரியவில்லை. கேபிள் கார் நன்றாயிருக்கும் என்கிறார்கள், இருக்கட்டும்.

ஜோர்ஜ்டவுனில் ஒரே தெருவில் நடந்து பார்த்தால் நம்முடைய வரலாற்றின் ஒரு பக்கம் விரிகிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர்களால் தொடங்கப்பட்டது. சற்றுத் தள்ளி சூலியா தெருவில் நாகூர் தர்கா, அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாசலில் நிற்கும்போது வேறு விளக்கம் தேவையில்லை. தர்கா விடயத்தில் உங்கள் நிலைப்பாடு எதுவாகவும் இருக்கட்டும், அதைக் கொமெண்டில் விவாதிக்க வேண்டாம். வங்காள விரிகுடாவின் இரண்டு கரையிலும் ஒரே பெயரைக் கொண்டுபோய் வைத்த கப்பல்காரர்கள் யார் என்று பிள்ளைகளோடு பேச அது ஓர் இடம். ஆச்சே தெருவில் 1808இல் கட்டப்பட்ட மலாய்ப் பள்ளியும் இருக்கிறது. இந்தப் பிராந்தியத்து ஹாஜிகள் கப்பலேறிய காலத்தில் அந்தத் தெருவில்தான் வந்து தங்கினார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுதடி வைத்து விற்ற சோறு. கடைக்காரர் தமிழில் "என்ன கறி?" என்று கேட்டதும் எங்கள் உம்மம்மா ஒருவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி. ஜோர்ஜ்டவுன் தட்டையான ஊர், நிழலுள்ள கடை வாசல்கள், நாலடிக்கு ஒரு தேநீர்க் கடை. ஒவ்வொரு நாளும் அவர் தனக்கு வேண்டிய அளவு நடந்தார். ஒரு பகல் பினாங்கு மலை, ரயிலே மேலே இழுத்துக்கொண்டு போகும். நாள் ஒன்றுக்கு ஒரு திட்டம்தான் வைத்தோம்.

கோலாலம்பூரில் இருந்து ஒரு நாளில் போய் வரக்கூடிய இடங்கள் நிறைய. எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்தோம். ஒரு வழிக்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் என்றால் அது பகல் பயணம் ஆகாது. தூரப் பயணம் போன மறுநாள் தூரம் போகக் கூடாது. திரும்பும் டிக்கட்டைப் போகும்போதே எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கில் மலாக்கா வந்தது, புத்ராஜெயா வந்தது. பத்துமலைக்கு உள்ளூர் ரயிலிலேயே போகலாம், 272 படி, ஏற முடியாதவர் கீழே இருந்து பார்க்கலாம்.

ஈப்போ விழுந்தது. அதில் சின்னச் சண்டையும் வந்தது. குழுவில் வரலாறு படிப்பிக்கும் நண்பருக்கு ஈப்போவுக்குக் கிட்ட பத்து காஜாவில் உள்ள கெல்லியின் மாளிகையைப் பார்க்க ஆசை. ஒரு ஸ்கொட்லாந்துத் தோட்டக்காரர், தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்துக் கட்டத் தொடங்கி, 1926இல் இறந்துபோக முடியாமல் நிற்கும் வீடு. ரயில் இரண்டரை மணித்தியாலத்துக்குள் ஈப்போவுக்குப் போய்விடும், ஆனால் அங்கிருந்து மாளிகைக்குத் தனி வாகனம் வேண்டும். மலாக்கா போன அதே வாரத்தில் இதுவும் என்றால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். விட்டுவிட்டோம். அவர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மலாக்காதான் இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாடம். டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம். வார நாளில் போங்கள், சனி ஞாயிறில் நெடுஞ்சாலையும் ஜொங்கர் தெருவும் நெரிந்து கிடக்கும். ஆற்றோரத்துச் சதுக்கத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஒல்லாந்தர் கட்டடங்கள். எட்டாம் தரம் படிக்கும் மகள் ஒருத்தி சுற்றிப் பார்த்துவிட்டு, "இது காலிக் கோட்டைய மாதிரியே இருக்கு" என்றாள். ஒரே கம்பனி கட்டியது எப்படி இருக்கும்? நமக்கு 1505, 1658, 1796 என்று மனப்பாடம் செய்வித்த அதே மூவர்தான் அங்கும். போர்த்துக்கேயர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் 1640இல் காலியையும் 1641இல் மலாக்காவையும் அவர்களிடமிருந்து பறித்தார்கள். கறுவாவும் மிளகும் சாதிக்காயும் போகும் ஒரே கடல்வழியின் இரண்டு கதவுகள். இதைக் கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்போம்! அன்று அந்தச் சதுக்கத்தில் ஒரு பிள்ளை தானாகச் சொன்னது. பிற்பகல் முழுதும் அவளுக்கு ஒரே வேலை, இன்னும் என்னென்ன ஒத்திருக்கிறது என்று தேடுவது. 1748இல் கட்டிய கம்போங் கெலிங் பள்ளியில் அஸர் தொழுதோம். கோபுரம்போல அடுக்கடுக்கான கூரை, சீன ஓடு, ஐரோப்பிய ஓவியக் கற்கள். மூன்று நாட்டு பெக்கேஜில் மலாக்காவுக்குக் கொடுப்பது ஒன்றரை மணித்தியாலம், படம் எடுக்க மட்டும்.

தொழுகை பற்றி ஒரு விடயம். நாமும் ஷாஃபி, அவர்களும் ஷாஃபி, ஆகவே பள்ளிவாசலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் எத்தனை நாள் எங்கே தங்குவது என்ற திட்டம் கஸ்ரின் சட்டத்தையும் தொடுகிறது. வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்கும் நிய்யத் இருந்தால் பயணி என்ற சலுகை இல்லை. பினாங்கின் மூன்று இரவில் அந்தக் கேள்வியே வராது. கோலாலம்பூரின் ஐந்து இரவில், இடையில் மலாக்கா போய் வருவதால், கணக்கு சிக்கலாகும். கிளம்புமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் திட்டத்தையே காட்டிக் கேளுங்கள். பயண வழியில் பஸ்ஸுக்குள் இருந்து பத்வா தேடுவது சரிவராது. வெள்ளிக்கிழமையைத் தூரப் பயணத்துக்கு வைக்காதீர்கள். எங்கள் ஜும்ஆ மஸ்ஜித் நெகாராவில். 1965இல் திறந்த தேசியப் பள்ளி, விரித்த குடைபோலக் கூரை. பெண்களும் வந்து தொழ வசதியான இடம். பக்கத்திலேயே இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம், அரை நாள் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, அங்கே சூரியன் ஏழு மணியளவில்தான் உதிக்கும், மஃரிபும் ஏழு மணியை அண்டித்தான். ஆறரைக்கு பஸ் ஏறினால் பிள்ளைகள் இரவு என்று நினைத்துத் தூங்கிக்கொண்டே வருவார்கள். மாலையில் நம் ஊரைவிட ஒரு மணித்தியாலம் கூடுதலாக வெளிச்சம். பகல் பயணத்துக்கு நல்ல ஒழுங்கு. காலநிலையைப் பொறுத்தவரை, டிசம்பரில் மேற்குக் கரையில் பிற்பகல் மழை பெய்யும், தாங்கலாம். கிளந்தான், திரங்கானு என்று கிழக்குக் கரைத் தீவுகளைத் தொடாதீர்கள். நம் கிழக்கு மாகாணத்தில் மாரி கொட்டும் அதே வடகீழ் பருவக்காற்று அங்கேயும் கொட்டுகிறது.

சமையலறையுள்ள வீடு எடுத்தால் சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. பெண்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். சரியாகத்தான் மறுத்தார்கள். ஹலால் தேடி அலையத் தேவையில்லாத நாட்டுக்குப் போவதன் முதல் பயனே அதுதான், ஒன்பது நாள் அடுப்படிக்குப் போகாமல் இருப்பது. அங்கே போயும் வெங்காயம் வெட்டினால், அது யாருடைய விடுமுறை? சமையலறைக்குப் பதிலாக, தெருவுக்குத் தெரு உள்ள சுயசேவை உடுப்புக் கழுவும் கடைகளைப் பார்த்து வைத்தோம். அங்கே அதற்குப் பெயர் டோபி, நம்முடைய டோபியேதான். ஆளுக்கு நான்கு உடுப்போடு போனோம். பெட்டி பாதியானது.

காசு விடயம். டொலர் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதற்குப்பின் வெளிநாட்டு விடுமுறை என்ற சொல்லே ஆசிரியர் அறையில் பகிடியாகிவிட்டது. இப்போதும் கடன் வாங்கி, நகையை வங்கியில் வைத்து மூன்று நாடு பார்க்கப் போகிறவர்களைக் காண்கிறோம். அதற்கு நாங்கள் முழு எதிர். சீட்டோ சேமிப்போ இல்லாமல் போகாதீர்கள். மறுபக்கம், "இந்தக் காசுக்கு உம்ராவுக்குப் போகலாமே" என்று சொல்கிறவர்களும் உண்டு. நல்ல வார்த்தைதான், அல்லாஹ் நம் எல்லோருக்கும் அதை நசீபாக்கட்டும். ஆனால் அதே வாயால், மதில் கட்டுகிறவரிடமோ கல்யாண வீட்டுக்கு மூன்று நாள் பந்தல் போடுகிறவரிடமோ இதைச் சொல்லக் கேட்டதில்லை. பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பூமியில் நடந்து பார்க்கிற செலவு மட்டும்தான் ஊரின் கண்ணில் குத்துகிறது.

முஸ்லிம் பாடசாலை ஆசிரியர்களுக்கு நேரமும் ஒரு பிரச்சினை. நீண்ட லீவு ரமழானில் போய்விடும், மற்றத் தவணை லீவுகள் குறுகியவை. ஆகவே அரசாங்க ஊழியர்கள் வெளிநாடு போவதற்கான லீவு விண்ணப்பத்தை மாதங்களுக்கு முன்பே அதிபர் ஊடாகக் கொடுங்கள். பாடசாலை விடுமுறைதானே என்று அனுமதியில்லாமல் போக முடியாது. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா இணையவழியில் எடுத்தோம். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

ஹொட்டல் பெயரைக் கேட்டு எழுதாதீர்கள், அது ஒவ்வொருவரின் காசைப் பொறுத்தது. கேஎல் சென்ட்ரலுக்கோ ஏதாவது ரயில் நிலையத்துக்கோ நடந்து போகும் தூரத்தில் எடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்த சீட்டு தொடங்கிவிட்டது. இம்முறை துருக்கி. இஸ்தான்பூலில் தங்கி புர்சாவுக்கு ஒரு பகல் போய் வருவதில் எல்லோருக்கும் உடன்பாடு. கொன்யாவா கப்படோக்கியாவா என்பதில் குரூப் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வரலாற்று நண்பர் இரண்டும் வேண்டும் என்கிறார். ராத்தா இன்னும் குரல் பதிவு அனுப்பவில்லை.